லால் பாஷா வெட்டிய பள்ளம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நக்கலுக்காகத்தான் தொடங்கினேன். பாகலூர்ப் பக்கம் ஒரு வரப்பு. இந்தப் புறம் தமிழ்நாடு, அந்தப் புறம் கர்நாடகா. இங்கே லால் பாஷா மலைவேம்பு நட்டுச் சொட்டுநீர் விடுகிறார். அங்கே சென்னப்பன் தைலமரம் நட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். ஆனால் அவருடைய வரப்போர மரங்கள் மட்டும் வாட்டசாட்டமாக நிற்கின்றன. வேர் இந்தப் புறம் வந்து குடிக்கிறது. தமிழ்நாடு கர்நாடகாவுக்குத் தண்ணீர் தரும் கதை, விடுவேனா?

2

முதல் வரி: ‘தைல இலைகள் சலசலக்க, அந்திவானம் மெல்ல—’ வேண்டாம். காலண்டர் படத்துக்குக் கீழே போடலாம்.

அடுத்து, சென்னப்பனை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் அவர் தினமும் வரப்பைத் தாண்டி வந்து லால் பாஷாவோடு டீ குடிக்கிறவர். அவரைக்காய் சீசனில் முதல் பை லால் பாஷாவின் மனைவி தாஹிராவுக்குத்தான். [மீசையை எடுத்துவிட்டேன்.]

அவரிடம் ஒரே குறை, பீற்றல். “ஒரு சொட்டு ஊத்தல பாய், எப்படி வளந்திருக்குது பாரு” என்பார். லால் பாஷாவுக்கு டீ கசக்கும்.

3

அந்தக் கோடையில் போர்வெல் மோட்டார் காற்றை இழுத்தது. வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். இதுவும் வற்றிவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தாஹிரா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

லால் பாஷா ஜேசிபி வைத்து, வரப்போரம் தன் நிலத்தில் ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டினார். எட்டிப் பார்த்த வேர்களெல்லாம் அறுந்தன. சென்னப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வந்து பார்த்தார், திரும்பிப் போனார். டீக்கு வருவது நின்றது.

(இங்கேயே முடித்திருந்தால் நக்கலும் மிஞ்சியிருக்கும், எனக்கு ஒரு சாயங்காலமும் மிஞ்சியிருக்கும்.)

4

தைலமர வரிசை வாடியது. மோட்டார் இன்னும் காற்றைத்தான் இழுத்தது. தாஹிரா யாரையும் கேட்காமல் சொட்டுநீர் வால்வை மூடினாள். சில நாளில் வீட்டுத் தொட்டி நிரம்பியது.

“குடிச்சதெல்லாம் நம்ம மரந்தாங்க” என்றாள்.

தண்ணீர் விட விட மலைவேம்பு தழைத்தது. தழைக்கத் தழைக்க இன்னும் கேட்டது. சென்னப்பன் மரங்கள் குடித்தது சிந்தியதை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். லால் பாஷாவுக்குத் தன் தோப்பே தெரியவில்லை. மனுஷன் பட்ட வெட்கத்தை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

5

முடிவு? மழை பெய்யவைக்கலாம். [மோசடி.] பள்ளத்தை மூடவைக்கலாம். எனக்கு அது ஒரு வாக்கியம்தான், ஆனால் அறுந்த வேரை என்ன செய்வது? லால் பாஷாவை மன்னிப்புக் கேட்கவைக்கலாம். [எழுதி அடித்துவிட்டேன்.]

இப்போது பள்ளத்தோரம் நிற்கிறார். எதிரே சென்னப்பன் வந்துவிட்டார். வாடிய மரங்களைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார்.

“ஊட்டா ஆய்த்தா, பாய்?” சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கிறார்.

ஆயிற்று என்றால் பொய். இல்லை என்றால் வீட்டுக்குக் கூப்பிடுவார். தான் வெட்டிய பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் போகவேண்டும். நான் பேனாவை மூடிவிட்டேன். பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், சோறு ஆறுகிறது.