கிரீடத்துக்கு எலாஸ்டிக்

சனிக்கிழமை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் கிரீடத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலாஸ்டிக் ஒரு பக்கம்தான் தைத்திருந்தது. மறுமுனை தொங்கியது. ஊசி தினசரி நாட்காட்டியின் அட்டையில் குத்தியிருந்தது, கறுப்பு நூலோடு. என் மனைவி கமலவேணி கோத்த நூல். மிச்சம் தைக்க அது போதுமா என்று இழுத்துப் பார்த்தேன். போதும் போலிருந்தது.

கிரீடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக் கம்பியில் கண்ணாடிக் கற்கள், நடுவில் நீலமாக ஒன்று. இரண்டு ஓரத்திலும் சின்னச் சீப்பு மாதிரிப் பற்கள். முடிக்குள் செருகிக்கொண்டால் நிற்கும். கடற்கரைச் சாலைப் பக்கம் உள்ள ஒரு மகளிர் சங்கம் போன வருடம் அவளுக்குக் கொடுத்தது. ‘திருமதி புதுவை’ என்று பட்டம். நர்சரிப் பள்ளி டீச்சர், சாரம் பகுதியில் மாடி போர்ஷனில் குடியிருப்பவள், சும்மா போய்ப் பார்க்கிறேன் என்று பெயர் கொடுத்து ஜெயித்துவிட்டாள். பட்டம் வாங்கியவர் ஒரு வருடத்துக்குச் சங்கம் அனுப்பும் இடத்துக்கெல்லாம் போய்வர வேண்டும். கண் சிகிச்சை முகாம், தையல் வகுப்புத் திறப்பு, போலியோ சொட்டு மருந்து, புகையிலை ஒழிப்பு ஊர்வலம். என் ஸ்கூட்டரில்தான் போவோம். கிரீடம் அவள் மடியில் எவர்சில்வர் சம்புடத்துக்குள் பஞ்சு சுற்றி இருக்கும். இடம் வந்ததும் ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்துத் தலையில் செருகிக்கொள்வாள், பெயர் எழுதிய பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொள்வாள், கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். நான் பையோடு பின்வரிசையில் நிற்பேன். திரும்பி வரும்போது சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்பாள்.

மார்ச் மாதம் கோரிமேட்டு விடுதிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றவும் கரண்டு வைக்கவும் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் சிகிச்சை முடியும்வரை தங்குவதற்காக ஓர் அறக்கட்டளை நடத்துவது. பழப் பொட்டலம் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு வருவதுதான் நிகழ்ச்சி. கமலவேணி பொட்டலத்தை நீட்டியபோது, திருக்கனூர் பக்கத்திலிருந்து வந்திருந்த சின்னப்பாப்பா என்ற அம்மாள் அதை வாங்கவில்லை.

“ஆரஞ்சு இன்னாத்துக்கு, வாயெல்லாம் புண்ணு. அந்தக் கிரீடத்தக் கழட்டிக் குடு. நான் ஒருவாட்டி வச்சிப் பாக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். கமலவேணி கழற்றி அவள் தலையில் வைத்தாள். முடி இல்லாத தலை. பற்களுக்குப் பிடிக்க எதுவுமில்லை. கிரீடம் நெற்றியில் இறங்கி, மூக்கில் தட்டி, மடியில் விழுந்தது. மறுபடி சிரித்தார்கள். சின்னப்பாப்பாவும் சிரித்தாள். ஆனால் இரண்டாவது முறை வைத்துப் பார்க்கவில்லை. எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன்மா” என்றாள் கமலவேணி. “அன்னியோட என் வருசம் முடியுது. எலாஸ்டிக் தச்சி எடுத்தாரேன். எல்லாரும் போட்டுக்கணும். ஆளுக்கு ஒரு போட்டோ.”

“வருவியா? இப்டித்தான் எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க.”

“வரலன்னா இவரக் கேளுங்க” என்று என்னைக் காட்டினாள்.

சின்னப்பாப்பா என்னையும் என் கையில் இருந்த பையையும் பார்த்தாள். “இந்தப் பை புடிக்கிற தம்பியவா?” என்றாள்.

ஜூலை கடைசியில் கமலவேணிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அந்த வாரமே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கணவன் இருக்கும்போது இறந்தவளைக் கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துத்தான் அனுப்புவார்கள். கூறைப் புடவை, மஞ்சள், குங்குமம், தலை நிறையப் பூ. சுமங்கலியாகப் போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று பெண்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். கீழ் போர்ஷன் பாக்கியலட்சுமியக்காதான் அலங்காரம் செய்தது. அக்காவுக்கு என்ன தோன்றியதோ, தையல் பெட்டியின் மேலிருந்த கிரீடத்தை எடுத்து, அதில் நின்ற ஊசியைப் பிடுங்கி நாட்காட்டியில் குத்திவிட்டு, பூவுக்கு நடுவில் வைத்துவிட்டது. யாரும் தப்பென்று சொல்லவில்லை. தெருவில் நின்றவர்கள் அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுதார்கள். நான் சுடுகாட்டு வாசல் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நகைகளைக் கழற்றும்போது, “இதையும் கழட்டணுமா?” என்று வெட்டியான் கேட்டார். கழற்றச் சொன்னேன்.

கருமாதி முடிந்த மறுநாள் சங்கத்துச் செயலாளர் மதாம் ஜெர்மேன் போன் செய்தார். பாண்டியில் பிரஞ்சு பேசும் பழைய குடும்பம். ஆண்களை முசே என்றுதான் கூப்பிடுவார். நல்லவர். சாவுக்கு வந்து கடைசிவரை நின்றவர்.

“முசே சக்கரபாணி, கேக்கவே கஷ்டமா இருக்கு. புது வருசத்துக்கு சரிதாவுக்குப் பட்டம் குடுக்கறோம். கிரீடம் வேணும்.”

“கடைசி ஞாயித்துக்கிழமை கோரிமேட்டுல ஒரு வேல இருக்கு மதாம். அது முடிஞ்சதும் தரேன்.”

அப்போது சரி என்றார். போன வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. பாடையில் வைத்த கிரீடம் என்று சரிதாவின் அம்மாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். என் பெண் தலையில் அதை வைத்தால் நிகழ்ச்சிக்கே வரமாட்டோம் என்று சொல்லிவிட்டாராம். புதிதாக ஒன்று வாங்கிவிட்டோம், பழையதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“ஆனா ஞாயித்துக்கிழமை வேணாம் முசே. நான் கேன்சல் பண்ணிடறேன். நோயில கெடக்கறவங்க தலையில அதக் கொண்டுபோயி வைக்கலாமா? அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், நெனச்சிப் பாருங்க.”

“கேன்சல் பண்ணாதீங்க மதாம்.”

“சங்கம் பேருல வேணாம்.”

“அவ பேருல போறேன்.”

அவர் பிரஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசித் தையல் போட்டு முடிச்சிடும்போது பாக்கியலட்சுமியக்கா சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்தது. கிரீடத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு அப்படியே நின்றது.

“நாந்தான் தம்பி வச்சேன். மகாராணி கணக்கா போவட்டும்னுதான் வச்சேன். அது இப்டி வந்து நிக்கும்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“நல்லாத்தான்க்கா இருந்துச்சி.”

“நாளிக்கிப் போறீயா?”

“போறேன்.”

“போறதுன்னா போ. வாயத் தொறந்து சொல்லாத. நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போவுது? மஞ்சத் தண்ணியில அலசியாச்சி. போதும்.”

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. சொல்லாவிட்டால் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். சொன்னால் ஒருவரும் தொடமாட்டார்கள், கமலவேணி கொடுத்த வாக்கு அவர்கள் கண்முன்னாலேயே நடுக்கூடத்தில் கிடக்கும். ஆனால் சரிதாவின் அம்மாவுக்குச் சொல்ல ஆள் இருந்தது. அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. விடுதிப் பெண்களுக்கு மட்டும் அது ஏன் இருக்கக் கூடாது என்பதைத் தாண்டி என்னால் யோசிக்க முடியவில்லை. சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்புடத்தை ஸ்கூட்டர் முன்பக்கம் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கம்பெனியில் கேட்டு வாங்கிய டிஜிட்டல் கேமரா சட்டைப் பையில் இருந்தது. கோரிமேட்டில் பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. எல்லோர் கையிலும் பெரிய பழுப்பு உறை.

விடுதி வாசலிலேயே வார்டன் செல்வாம்பாள் என்னை நிறுத்தினார்.

“சார், அவங்க தவறிப்போனத நான் இங்க சொல்லல. ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இங்க எப்பவும் அப்டித்தான் சார். பக்கத்துக் கட்டிலு காலியானா, ஊருக்குப் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவோம். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க.”

கூடத்தில் பதினைந்து பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். குளித்துப் பொட்டு வைத்துக் காத்திருந்தார்கள். சிலர் பட்டுப் புடவை கட்டியிருந்தார்கள். தலையில் துண்டு, முந்தானை, குல்லா. மார்ச்சில் பார்த்த முகங்கள் மூன்றோ நான்கோதான் இருந்தன. சின்னப்பாப்பா இருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் மட்டும் உள்ளே வந்ததைப் பார்த்தாள். என் பின்னால் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடிச்சின்னு வார்டனு சொல்லிச்சி” என்றாள். “எங்களுக்குத் தெரியாதா தம்பி, இங்கருந்து யாரு எந்த ஊருக்குப் போறாங்கன்னு. எப்போ?”

“போன மாசக் கடைசியில.”

“இன்னா?”

“காய்ச்சல்.”

“எங்களுக்கு வராம அதுக்கு வந்துச்சி பாரு” என்றாள். செல்வாம்பாள் கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சம்புடத்தைத் தரையில் வைத்துத் திறந்தேன். கிரீடத்தைக் கையில் எடுக்காமலே சொன்னேன். “எலாஸ்டிக் வச்சித் தச்சாச்சி. அவ பாதி, நான் பாதி. போட்டுக்கறவங்க போட்டுக்கலாம். ஒண்ணு சொல்லிடணும். அவளத் தூக்கிட்டுப் போறப்ப இது அவ தலையிலதான் இருந்திச்சி. சுடுகாட்டு வாசல்ல கழட்டினோம்.”

ஓரத்தில் இருந்த ஒரு பெண் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் யாரையும் பார்க்காமல் நீலக் கல்லையே பார்த்தேன். மூடி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் மூடி எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

“ஏன் கழட்டினீங்க?” என்றாள் சின்னப்பாப்பா.

“எதுங்கம்மா?”

“அதான், அதோட தலையிலருந்து. கூடவே வச்சி எரிச்சிருக்கலாமில்ல?”

“இன்னிக்கி வேணுமே.”

அவள் கையை ஊன்றி எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் பிடிக்க வந்தபோது, “இரு, உடு” என்றாள். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் செருகினாள்.

“எலாஸ்டிக்கு மொட்டயில அரிக்குமா?”

“தெரியலம்மா.”

“பை புடிக்கிற தம்பிக்கு இன்னாதான் தெரியும்? குடு இங்க.”

அவளே போட்டுக்கொண்டாள். எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் இறங்கிப் பிடரியில் உட்கார்ந்தது. தலையை ஆட்டிப் பார்த்தாள். வேகமாக ஆட்டினாள். நின்றது. யாரோ ஒருத்தி கைதட்டினாள்.

“சனியன், இத இன்னும் முன்னாடியே தச்சித் தொலைக்கிறதுக்கு இன்னா?” என்றாள், யாரைத் திட்டுகிறாள் என்று தெரியாமல். அவள் கண் நிறைந்திருந்தது. “எடு போட்டோவ. பல்லுத் தெரியாம எடு.”

எடுத்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஒரு பெண் கிரீடத்தைக் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போடாமலே அடுத்தவளிடம் கொடுத்தாள். இன்னொருத்தி என் புருசனுக்குக் காட்டணும், ரெண்டு எடுங்க என்றாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்ட இருவரில் ஒருத்தி கதவை ஒருக்களித்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சலீமா என்ற பெண் மிஞ்சினாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கறுப்புத் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றி, தோளில் துணிப் பை மாட்டி, சுவரோடு நின்றாள். வேண்டாம் போலிருக்கிறது என்று கேமராவை அணைக்கப் போனேன்.

“அண்ணே” என்றாள். “முக்காட்ட எடுக்கணுமே. ஆம்பளைங்க முன்னாடி எடுக்கமாட்டேன்.”

கேமராவைச் செல்வாம்பாளிடம் கொடுத்து எந்தப் பொத்தான் என்று காட்டினேன். வாசலுக்கு நடந்தேன். சலீமா பின்னாலேயே வந்தாள்.

“இதக் கொஞ்சம் புடிங்கண்ணே. ஸ்கேன் இருக்கு. நாளைக்கி டாக்டர் பாக்கணும். அம்மா கீழ வைக்காதன்னு சொல்லியிருக்காங்க.”

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்த பழுப்பு உறை பையைவிட நீளமாக இருந்தது. மடங்காமலிருக்க அதன் முனையைக் கையால் பிடித்துக்கொண்டேன். கதவு மூடியது. சந்தில் வெயில் ஏறியிருந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியது. உள்ளே, நிமிந்து நில்லு, நிமிந்து நில்லு என்று சின்னப்பாப்பாவின் குரல். அப்புறம் சத்தமே இல்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஜன்னலின் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வெளிச்சம் ஒருமுறை வெட்டி அணைந்தது. பிறகு இன்னொரு முறை.