கைலாசபுரம் கிட்டங்கியில் மிதந்த புத்தகங்கள்

தண்பொருநைப் பல்கலைக்கழகத்தின் மின்னணு ஆவணக் காப்பகத்தில் முதன்முதலாக ஸ்கேன் செய்த புத்தகம், வேலை முடிந்து மேசையில் வைத்த சற்று நேரத்தில், தானாக எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை. அது மாட்டு வைத்தியப் புத்தகம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் அச்சானது. ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சம் இருந்தது. ஸ்கேன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெப்ரான் அண்ணாந்து பார்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்தினான். காற்றில்தான் பறந்தது என்று அவன் எண்ணம். விசிறி நின்ற பிறகும் புத்தகம் உத்தரத்துக்குப் பக்கத்தில் வௌவால் மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. ஏணி போட்டு எடுத்துக் கீழே வைத்தான். கையை எடுத்ததும் மறுபடி மேலே போயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதன் துணைக்கு இன்னும் இரண்டு போய்விட்டன.

"மேடம், புஸ்தகம் நிக்க மாட்டேங்குது. மேல மேல போவுது" என்றான்.

"போனா போவட்டும். நீ கீழ கெடக்கதப் பாரு" என்றாள் நீலாம்பாள்.

நீலாம்பாள்தான் காப்பகத்தின் காப்பாளர். சேரன்மகாதேவிப் பக்கம் வயலும் தோப்பும் வைத்திருந்து, இரண்டு தலைமுறையில் எல்லாவற்றையும் தொலைத்து, கடைசியில் பிள்ளைகளைப் படிக்கவைக்க மட்டும் மிச்சம் வைத்த சைவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பார்க்க வந்தவர்களில் ஒருத்தன்கூட ஒரு முழு வாக்கியத்தைப் பிழையில்லாமல் பேசவில்லை என்பது அவள் சொன்ன காரணம். அவளுக்குப் பிடிக்காதவர்களை எண்ணுவதைவிடப் பிடித்தவர்களை எண்ணுவது சுலபம், ஏனென்றால் யாரும் இல்லை. காதில் குழாயைச் செருகிக்கொண்டு வரும் மாணவர்களை இளக்காரமாகப் பார்த்தாள். முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு ஆய்வுக்கட்டுரை எழுதும் பேராசிரியர்களை அதைவிட இளக்காரமாகப் பார்த்தாள். இயக்குநர் சிவசங்கரனைப் பார்க்கவே இல்லை. அவர் பேசும்போது அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்தபடி நிற்பாள்.

சிவசங்கரன் எதைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கினார் என்பது பல்கலைக்கழகத்தில் எவருக்கும் தெரியாது. அவரே இரண்டு முறை வேறு வேறாகச் சொல்லியிருக்கிறார். ஆற்றங்கரையில், கைலாசபுரத்தில், அரிசி மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியைக் காப்பகத்துக்கென்று பிடித்தவர் அவர்தான். கிட்டங்கி அவருடைய மச்சினனுக்குச் சொந்தம். தாமிரபரணி பெருகினால் அங்கே தண்ணீர் ஏறும் என்று தெருக்காரர்கள் சொன்னபோது, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம்லா, பொறவு தண்ணி எதுல ஏறும்?" என்று கேட்டுச் சிரித்தார். சர்வர் அறைக்கு இரண்டு ஏசி வைத்தார். மனிதர்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் விசிறி மட்டும் ஓடியது. புத்தகங்கள் கூரைக்குப் போகத் தொடங்கிய பிறகு, தாள் கிழிகிறது என்று அந்த விசிறியையும் கழற்றிவிட்டார்கள்.

புரட்டாசிக்குள் அலமாரிகளில் பாதி காலி. இயக்குநர் வந்து அண்ணாந்து பார்த்தார். பயப்படவில்லை, வியக்கவும் இல்லை. இடம் மிச்சமாகிறதே என்று சந்தோஷப்பட்டார். 'மேல்நிலைச் சேமிப்பு முறை' என்று அதற்குப் பெயர் வைத்து, வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை தயாரித்துத் தில்லிக்கு அனுப்பினார். அடுத்த மாதமே ஒரு கேடயம் வந்தது. கேடயத்தை வைக்க இடம் வேண்டுமென்று ஒரு அலமாரியைக் காலிசெய்தார்கள். அந்தப் புத்தகங்களை அவசர அவசரமாக ஸ்கேன் செய்து கூரைக்கு அனுப்பினார்கள்.

காப்பகத்துக்கு உண்மையிலேயே ஏதோ ஒன்றைத் தேடி வந்த முதல் ஆள் ருக்சானா. மேலப்பாளையத்துக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. அந்த ஊர்த் தறிகாரர்கள் ஒரு காலத்தில் பாடிய, தமிழை அரபு எழுத்தில் எழுதிவைத்த அரபுத்தமிழ்ப் பாட்டுகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கணினியில் அந்தப் பாட்டுப் புத்தகம் இருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கீழ் வரிகளின் மேல் ஹெப்ரானின் கட்டைவிரல் கிடந்தது. ஒரு நாளில் இத்தனை பக்கம் முடிக்க வேண்டும் என்று இயக்குநர் கெடு வைத்திருந்ததால், விரலை எடுக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

"ஸ்கேன் பண்ணுன ஐயாவோட வெரல நான் எத்தன தடவ பாக்கது? அசலத் தாங்க மேடம்" என்றாள்.

நீலாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அரபுத்தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றதும் வேண்டாவெறுப்பாகக் கூரையைக் காட்டினாள். ஹெப்ரான் மாங்காய் பறிக்கிற தொரட்டியைக் கொண்டுவந்து, கூட்டத்துக்குள் தேடி, அந்தப் புத்தகத்தை மெல்ல இழுத்துக் கொடுத்தான். ருக்சானா அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய வாசித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து வந்து ஒரு வாரம் வாசித்தாள். சில இடங்களில் சிரித்தாள். ஓர் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசிப் பக்கம் முடிந்து கையை எடுத்தபோது புத்தகம் எழும்பவில்லை. மேசையிலேயே இருந்தது. ஹெப்ரான் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மிக் குழவி மாதிரி கனக்கிறது என்றான்.

விஷயம் அவ்வளவுதான் என்று அன்றைக்கே மூவருக்கும் புரிந்துவிட்டது. ஸ்கேன் செய்து யாரும் வாசிக்காத புத்தகம் மேலே போகும். வாசித்தால் கீழே நிற்கும். சாயங்காலம் ஆட்கள் போன பிறகு நீலாம்பாள் கூரையைக் கவனமாகப் பார்த்தாள். அவள் பாராட்டுரை எழுதியவை, அவள் கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியவை, யாரோ தவறாகச் சொன்னார்கள் என்று அவள் மேடையிலேயே திருத்தி அவமானப்படுத்தியவை, அத்தனையும் அங்கே மேலே நெருக்கமாகக் கிடந்தன. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பெயரும் வருஷமும் அச்சகமும் பக்க எண்ணிக்கையும்தான். காது சூடேறியது. ஹெப்ரான் பார்த்துவிட்டானோ என்று திரும்பினாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"என்னலே பாக்க? தொரட்டிய எடு" என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அவள் வாசித்தாள். அதற்குள் ஸ்கேன் வேலையும் முடிந்து, அலமாரியில் மிச்சமிருந்ததெல்லாம் கூரைக்குப் போய்விட்டது. அதிலும் அவள் குணம் போகவில்லை. நல்லதாகத் தேர்ந்தெடுத்து இறக்கினாள். பாபநாசம் மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடிகளின் மருந்துச் சுவடியின் பிரதி, பஞ்ச காலத்தில் ஒரு வேதக்கோவில் உபதேசியாரின் மனைவி எழுதிய குறிப்புகள், சீவலப்பேரிப் படகோட்டிகளின் பாட்டுகள் இவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அலமாரியில் கனமாக உட்கார்ந்தன. ஜமீன்தார்களின் தொப்பையைத் தாமரைக் குளத்தோடு ஒப்பிட்ட பிரபந்தங்கள், கலெக்டர் துரை வந்து போனதற்குப் பாடிய சிந்துகள், வரிவசூல் விதிகள், மாமியாருக்கு அடங்கி நடக்கச் சொல்லும் நீதிக் கும்மிகள் ஆகியவற்றைத் தொரட்டியால் ஒதுக்கித் தள்ளினாள். "இதுகளுக்குக் கூரையே சாஸ்தி" என்று சொல்லிக்கொண்டாள்.

இடையில் தில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. வாசித்தால் புத்தகம் கீழே நிற்கும், அதையும் செய்து காட்டலாம் என்று சிவசங்கரனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு, ஒரு கலெக்டர் சிந்துப் புத்தகத்தை மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிற பாவனையில் அரைமணி நேரம் பக்கங்களைத் திருப்பினார். கடைசியில் கையை எடுத்தார். புத்தகம் விருட்டென்று கிளம்பியது. தாள் இடுக்கில் மாட்டிக்கொண்டு அவர் கண்ணாடியும் கூடப் போயிற்று. விருந்தினர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் கண்ணை இடுக்கிக்கொண்டு, வந்த திசைக்கெல்லாம் கும்பிட்டார். கண்ணாடியை இறக்கித் தரச்சொல்லி யாரையும் கேட்கவில்லை. அதற்கும் ஒரு கேடயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தார் போல.

இருபத்து மூன்றாம் வருஷம் மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. அது மழையாகவே இல்லை, வானத்தை யாரோ கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. அணைகள் நிறைந்து, ஆறு இரண்டு கரையையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தது. கிட்டங்கிக்குள் ஆள் உயரத்துக்கு மேலேயே தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் வடிந்ததும், முழங்கால் சேற்றில் நீலாம்பாளும் ஹெப்ரானும் உள்ளே போனார்கள். சர்வர் பெட்டிகளிலிருந்து சேறு ஒழுகியது. மாற்றுப் பிரதி வைத்திருந்த வட்டுகள் எங்கே என்று கேட்டால், இயக்குநர் அவற்றை அதே அறையில், கீழ்த்தட்டில், பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். நல்ல நாளில் பூசை போட்டு வைத்ததாம். அலமாரிகளில் இருந்த புத்தகங்கள் சாணி உருண்டை மாதிரி கிடந்தன. நீலாம்பாள் ஒன்றை எடுத்தாள். படகுப் பாட்டா, மருந்துச் சுவடியா என்று தெரியவில்லை. விரலிடுக்கில் கூழாக வழிந்தது.

மேலே மட்டும் ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் ஒதுக்கித் தள்ளியவை அத்தனையும், தொப்பைப் பிரபந்தங்களும் நீதிக் கும்மிகளும், மொடமொடவென்று புதுத்துணி மாதிரி இருந்தன.

ருக்சானா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பம் நாம படிச்சது மட்டுந்தான் போச்சு, இல்லையா மேடம்?"

யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நீலாம்பாள் நின்றது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. கையில் இருந்த கூழைப் புடவையில் துடைத்துவிட்டு, அழுதாள். ஹெப்ரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே சிவசங்கரன் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, மேல்நிலைச் சேமிப்பு முறையால் பெருவெள்ளத்திலும் ஒரு ஏடுகூடச் சேதமில்லை என்று அறிவித்தார். கீழே கிடந்த கூழை அதற்கு முன்பே ஆள் விட்டு ஆற்றில் வாரிப் போடச் சொல்லியிருந்தார். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. வாசிப்பதால் ஆவணங்களின் பாதுகாப்புக்குக் குந்தகம் ஏற்படுவது நிரூபணமாகிவிட்டபடியால், இனிமேல் காப்பகத்தில் யாரும் எதையும் வாசிக்கக் கூடாது. துணைவேந்தர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதையும் வாசிக்காமல்தான் போட்டிருப்பார் என்று நீலாம்பாள் நினைத்தாள்.

சுற்றறிக்கையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பந்தல்காரர்கள் கட்டுகிற சணல் கயிற்றை ஹெப்ரானிடம் வாங்கிவரச் சொன்னாள். "எதுக்கு மேடம்?" என்று கேட்டதற்கு, "இந்தக் குப்பையையாவது காப்பாத்தணும்லா" என்றாள். ருக்சானாவும் லீவு போட்டுவிட்டு வந்தாள். மூவருமாகப் புத்தகங்களை இறக்கி, ஒவ்வொன்றாகக் கயிற்றில் முடிந்து, கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில் கைலாசபுரத்திலிருந்து கிளம்பினார்கள். ஆற்றுப் பாலத்தில் பேருந்துகள் வழிவிட்டன. தலைக்கு மேலே கரிய அட்டையும் பழுப்புத் தாளுமாக ஒரு மேகம் ஆடி ஆடிக் கூட வந்தது. வாடைக்காற்றுக்கு ஒரு கொத்து அறுந்து போயிற்று. அதில் ஒரு கலெக்டர் சிந்து மட்டும் கொங்கந்தான்பாறைக்குப் பிரியும் விலக்கில் ஒரு பனையில் சிக்கிக் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள். யாரும் அதை எடுக்கப் போகவில்லை. "எங்கன கொண்டுபோறிய?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டார். "பெருமாள்புரம்" என்றாள் நீலாம்பாள். "அவ்ளோ தூரம் நடக்கியளா? ஏறுங்க, கயித்த மட்டும் வெளிய பிடிச்சுக்கிடுங்க" என்றார். நீலாம்பாள் அவரைச் சிறிது நேரம் பார்த்தாள், சட்டைப் பித்தானை அல்ல, முகத்தை. ஏறிக்கொண்டாள்.

பெருமாள்புரத்தில் அவள் குடியிருந்த மாடிவீட்டின் கூரைக்கு அவ்வளவும் வந்து சேர்ந்தன. இயக்குநர் திருட்டுப் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த ஏட்டு அண்ணாந்து எண்ணிப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் அறிக்கையை எடுத்துப் பிரித்தார். அதில் ஒரு ஏடுகூடக் குறையவில்லை, அனைத்தும் மின்னணுக் காப்பகத்தில் பத்திரம் என்று சிவசங்கரன் கையெழுத்தோடு இருந்தது. "ஒண்ணுமே காணாமப் போகலைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கியள, பொறவு இவங்க எதத் திருடுனாங்க?" என்று ஏட்டு தொலைபேசியில் கேட்டார். புகார் அத்தோடு நின்றது. காப்பகத்துக்கு அந்த வருஷமும் கேடயம் வந்தது. கேடயங்களும் காலி அலமாரிகளும் உள்ள அந்தக் கிட்டங்கியைப் பார்க்க இன்றைக்கும் குழுக்கள் வந்து போகின்றன; எதுவும் அழிய வழியே இல்லாத காப்பகம் என்று குறிப்பெழுதிவிட்டுப் போகிறார்கள்.

நீலாம்பாள் வேலையை விட்டுவிட்டாள். ருக்சானா சனிக்கிழமைதோறும் வந்து, தனக்கு நினைவிருக்கும் தறிப்பாட்டுகளை ஒரு பக்கமாக உட்கார்ந்து எழுதுகிறாள்; பாதிக்கு மேல் வரவில்லை. நீலாம்பாள் அவளெதிரே உட்கார்ந்து, கூரையில் கிடப்பதை ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள். நல்லதாக எதுவும் அகப்படவில்லை. தொப்பை தொப்பையாகவே இருக்கிறது, துரையும் துரையாகவே இருக்கிறார். "என்ன எழவுலாம் எழுதியிருக்கான் பாரு" என்று பக்கத்துக்குப் பக்கம் வைதுகொண்டே, கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்து, கையை எடுக்கிறாள். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் தானியேலும் அவர் மனைவி சாலோமியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சில் தொம்மென்று சத்தம் கேட்கும். "அக்கா ஒண்ணு முடிச்சிட்டாவ" என்று சொல்லிவிட்டு, சாலோமி ரசத்தை ஊற்றுவாள்.