படுகளத்து மண்

முதுவேனில் இந்த நிலத்தின்மேல் ஓசையின்றியே இறங்குகிறது. வேம்பு தன் கடைசிப் பூவையும் உதிர்த்துவிட்டு நிழலைக் காலடிக்குச் சுருக்கிக்கொள்கிறது. நீரை இழந்த பாலாறு, இழந்ததையே நினைத்துக் கிடப்பதுபோல் மணல்மேல் கானலாய் நெளிகிறது. குன்றுப் பாறைகள் இரவெல்லாம் வெம்மையை மூச்சாக விட்டும் விடியலில் ஆறுவதில்லை. தோல் கிடங்குகளின் சுண்ணாம்பு நெடி வயல் கடந்து வந்து வாசற்கோலத்தின்மேல் அமர்கிறது. பசுமை உள்ளே ஒளிந்துகொள்ளும் காலம் இது. எந்த மரத்தின் வேரில் எவ்வளவு ஈரம் மிச்சம் என்று வெயில் ஒவ்வொன்றாய்ச் சோதிக்கும் காலம். திரௌபதி அம்மன் தன் போரை ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில்தான் நடத்துகிறாள்.

மாதனூரை அடுத்த அந்தச் சிற்றூரில், பாரதக் கூத்து முடியும் படுகளத்தன்று காலை, முனிரத்தினம் தன் வீட்டின் பின்புறம் குந்தியமர்ந்து, தான் வேடம் கட்டும் பீமனின் கதாயுதத்துக்குப் பொன்தாள் ஒட்டிக்கொண்டிருந்தான். மூங்கில் பிளாச்சுகளால் முடைந்து, உள்ளே வெற்றாக விடப்படும் ஆயுதம் அது. குழந்தை தலையில் விழுந்தாலும் வலிக்காது. இவ்வாண்டு அதன் வயிற்றுக்குள் ஓர் இரும்புத் தண்டு இருந்தது. அவன் வேலை செய்யும் தோல் தொழிற்சாலையில், பச்சைத் தோலிலிருந்து சதையை வழித்தெடுக்கும் இயந்திரத்தின் பழைய தண்டு. தேய்ந்துபோனதென்று மூலையில் எறிந்ததைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

அது கங்காதரனின் மண்டைக்கென்று வந்தது. கங்காதரன் சிற்றப்பாவின் மகன், பங்காளி, படுகளத்தில் பீமனுக்கு எதிரே நிற்கும் துரியோதனன். போன கார்த்திகையில் பொதுக்கிணற்றில் யாருடைய முறை என்ற சண்டையில், மண்வெட்டிக் காம்பை முனிரத்தினத்தின் முகத்துக்கு வீசினான். குறுக்கே பாய்ந்த மகன் வசந்தின் இடக்கண்ணில் அது இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்த வேலூர் டாக்டர் நரம்பு செத்துவிட்டதென்றார். செருப்புக் கம்பெனியின் தையல் வரிசையில் வசந்த் இருந்தான். ஒற்றைக்கண்ணுக்கு ஊசியின் ஆழம் தெரியவில்லை. இப்போது கம்பெனி பஸ் அவன் வீட்டைக் கடக்கும் நேரத்தில் அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். பெரியவர்கள் கூடி, இரத்த உறவுக்குள் வழக்கு வேண்டாமென்று வாயை அடைத்தார்கள். திருவிழா வந்ததும் பங்காளிகள் இருவர் மணிக்கட்டிலும் அம்மனின் மஞ்சள் காப்புக் கட்டப்பட்டது. அந்த இரண்டு வேடங்களும் அந்த இரண்டு வீடுகளுக்கும் உரியவை. பாட்டு வேறு எவருக்கும் தெரியாது.

இடத்தைப் பெருக்க வந்த மீனாம்பாள் கதாயுதத்தை நகர்த்தப் போய் நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்தாள்.

“இன்னா, இவ்ளோ கனமா கீது?”

அவன் பசையைத் தடவிக்கொண்டேயிருந்தான். அவள் துடைப்பத்தைச் சுவரில் சார்த்திவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்.

“புள்ளைக்கு ஒரு கண்ணு பூட்ச்சி. நீயும் ஜெயிலுக்குப் பூட்டன்னா அவனுக்கு மிச்சம் இன்னா கீது?”

அவன் அடுத்த பொன்தாளைப் பிரித்தான். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஏதோ ஒன்று ஒருகாலத்தில் அவனுக்குள் இருந்தது. சுண்ணாம்பில் ஊறிச் சோர்ந்த தோலைச் சுழலும் கத்திகளுக்குக் கொடுத்துக்கொண்டே, அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவில், பீமனின் பாட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பாடிப்பாடி மனத்தில் ஏற்றியவன் அவன். முழங்கை வரை கொழுப்பும் அழுகலும் வழிய நிற்கும்போது உள்ளே ஒரு மண்டபம் எழும்பும். அதில் அவன் அரசன். வீடு கட்டியவனுக்கும் நிலம் வாங்கியவனுக்கும் அமையாத ஒரு நிறைவோடு மாலையில் கைகழுவுவான். கார்த்திகைக்குப் பின் அவன் பாடவில்லை. எதிரே நின்று தோலைப் பிடிக்கும் தபரேஸ் ஒருநாள் கேட்டும்விட்டான்: “இன்னா பீமா, பாட்டக் காணோம்? மிஷின் சத்தம் மட்டும் கேட்டா பேஜாரா கீதுப்பா.” முனிரத்தினம் சிரித்தான். உள்ளே மண்டபம் இருந்த இடத்தில் ஒரு மண்டை பிளந்து கிடந்தது. அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோயில் வெளியில் துரியோதனன் மண்ணுருவாய் மல்லாந்து கிடந்தான். வண்டி வண்டியாய்க் களிமண் குழைத்து வடித்த பேருடல். அகன்ற மார்பு, கரிய மீசை, வானைப் பார்த்து விழித்த கண்கள். வலத்தொடைக்குள் செங்குழம்பு நிரப்பிய பானை புதைந்திருந்தது. மத்தளம் வெடித்தது. முகவீணை வெயிலைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. மண்மார்பின்மேல் கங்காதரன் தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாய் நின்று தொடைதட்டினான். ஊர் ஆர்ப்பரித்தது. கூட்டத்தின் ஓரத்தில் வசந்த் நின்றதை முனிரத்தினம் கண்டான். மகன் முகத்தைச் சற்றுத் திருப்பி, வலக்கண்ணால் தன் தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வீச்சைக் கங்காதரன் வழக்கம்போல் தன் மூங்கில் ஆயுதத்தால் ஏற்றான். மூங்கில் நொறுங்கித் தெறித்தது. நொறுங்கிய ஓசையிலேயே அவனுக்குப் புரிந்தது. அரிதாரத்துக்கு அடியில் அவன் முகம் ஒருகணம் வெளுத்து, பிறகு ஏனோ தெளிந்தது. அருகே வந்தபோது உதடு அசையாமல் கேட்டான்.

“இரும்பு வச்சிக்கிறியாண்ணா?” ஒரு மூச்சு விட்டுச் சொன்னான்: “சரி.”

அந்தச் ‘சரி’ முனிரத்தினத்தை வெறியனாக்கியது. இரண்டாவது வீச்சில் கங்காதரனின் வலமுன்கை காய்ந்த விறகுபோல் முறிந்தது. அந்த ஒலியை மத்தளம் விழுங்கிவிட்டது. புஜகீர்த்தியின் கண்ணாடிச் சில்லுகள் தோளில் பாய, இரத்தம் சாயத்தோடு கலந்து விரல்நுனி வழியே மண்மார்பில் சொட்டியது. இம்முறை வேடம் பிரமாதமென்று கூட்டம் விசிலடித்தது. மீனாம்பாள் மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கங்காதரன் கத்தவில்லை, ஓடவில்லை, ஒரு சொல் சொன்னால் ஊரே பாய்ந்து தடுக்கும் என்பது தெரிந்தும் சொல்லவில்லை. முறிந்த கை தொங்க, மறுகையால் தொடையைத் தட்டித் தன் பாட்டைச் சுருதி பிசகாமல் பாடி முடித்தான். பிறகு கிரீடத்தைச் சாய்த்துத் தலையைக் காட்டி நின்றான்.

இனிப் பீமனின் சபதம். அதைப் பாடி முடித்தே அடிக்க வேண்டும். பாடாமல் விழும் அடி அம்மனுக்குச் சேராது. முனிரத்தினம் கதாயுதத்தைத் தலைக்குமேல் உயர்த்தி வாயைத் திறந்தான். வரவில்லை. மத்தளக்காரர் தாளத்தை மீண்டும் எடுத்துக்கொடுத்தார். வரவில்லை. இத்தனை ஆண்டு நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே ஒரு துளி சிந்தாமல் காத்த பாட்டில், உள்ளே கையை விட்டுத் துழாவியபோது ஒரு துளியும் இல்லை. தோலையும் சதையையும் தவிரத் தனக்குள் எதுவும் இல்லை என்பதை, ஊர் பார்க்க, வெயிலில், அவன் கண்டுகொண்டான்.

அப்போது எதிரிலிருந்து ஒரு குரல் வந்தது. வலியில் பிசிறடித்த குரல். ஆனால் சுருதி பிசகாத குரல்.

“விரிந்த குழல் முடிக்கும் நாளிது…” கங்காதரன் குனிந்த தலை நிமிராமல் அடியெடுத்துக் கொடுத்தான். “பாடுண்ணா. அம்மா காத்துகினு கீறா.”

சிறுவயதில் ஒரே பாயில் அமர்ந்து கற்றவர்கள். அவன் பாட்டு இவனுக்கும் இவன் பாட்டு அவனுக்கும் தெரியும். கோபம் மறக்கடித்தது அதைத்தான். இரண்டாம் அடி முனிரத்தினத்தின் அடிவயிற்றிலிருந்து புரண்டு வந்தது. மூன்றாம் அடி தானாகவே வந்தது. நெஞ்சு வெடிப்பதுபோல் பாடினான்; பாடப்பாடக் கண்ணீர் அரிதாரத்தில் வாய்க்கால் வெட்டியது. இறுதிச் சொல்லில் இரும்பு இறங்கியது.

மண்தொடை பிளந்தது. பானை சிதறிச் செங்குழம்பு இருவர் மேலும் அடித்தது. அடித்த வேகத்தில் மூங்கில் விரிந்து, உள்ளிருந்த தண்டு எல்லார் கண்ணிலும் படும்படி சேற்றில் கிடந்தது. மத்தளம் நின்றது. கங்காதரனின் கையைப் பார்த்த ஒருவர் ஆட்டோவுக்கு ஓடினார். பூசாரி தண்டைத் தாண்டி வந்து செங்குழம்பைத் தொட்டு அம்மனின் விரிந்த கூந்தலில் தடவி முடிந்தார்.

ஊர் வழக்கப்படி எல்லாரும் படுகளத்து மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். நெற்குதிரில் இட்டால் அது ஒருநாளும் வெறுமையாகாது என்பது நம்பிக்கை. கங்காதரன் வேப்பமரத்தடியில் சாய்ந்திருந்தான். முனிரத்தினம் அவனருகே மண்டியிட்டு, புஜகீர்த்தியின் கயிறுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தான். தன் தலைப்பாகையைக் கிழித்து முறிந்த கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளியாய்க் கட்டினான். வசந்த் வந்து நின்றான். கங்காதரன் எழ முயன்று, தடுமாறி எழுந்தான். தான் நிற்பது பையனின் பார்வையற்ற பக்கம் என்று தெரிந்ததும், மரத்தைப் பிடித்தபடி மெல்ல மறுபக்கம் சுற்றிவந்து, அவன் காணும்படி நின்றான். வசந்த் அவனைப் பார்த்தான்.

முனிரத்தினம் தண்டை எடுத்துச் சென்று சந்நிதிப் படியில் வைத்தான். மண்மார்பருகே குனிந்து, தம்பியின் இரத்தம் சொட்டி ஊறிய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்தான். அதை நெஞ்சில் பூசி, அம்மனை நோக்கி, உதடு மட்டும் அசைய, முதலடியிலிருந்து பாடினான்.

பின்னால் ஆட்டோ வந்து நின்றது. ஏறப்போன கங்காதரன் திரும்பி, நல்ல கையை வசந்தின் தலைக்கு உயர்த்தினான். வசந்த் குனியவில்லை, விலகவும் இல்லை. மண் அப்பிய கை அவன் உச்சியில் அமர்ந்தது.

“நல்லாருடா. நெறஞ்சி இரு.”