நாற்பத்தொரு மொட்டு

மாடி வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்பும்போதே தையல்காரிக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. கதவைத் திறந்தால் நேர் எதிரே, ஜன்னலோரம், ஓரகத்தியின் அசேலியா பூச்செடி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. தங்கையின் பிரசவத்துக்குப் போனவள், செடியைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளும்படி இவளிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஊரில் வேறு ஆளா இல்லை.

கீழ்வீட்டில் இவளிடமும் ஒன்று இருக்கிறது. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. நான்கு வருஷமாக மாடியில் பூத்துக் கொட்டுகிறது, கீழே வெறும் இலை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். "மேல யாருங்க? நல்ல கைராசி" என்பார்கள். இவள் ஊசியைப் பல்லில் கடித்தபடி சிரித்து வைப்பாள்.

இவள் மட்டும் என்ன குறை வைத்தாள்? சுண்ணாம்பு கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது என்று மழைநீர் பிடித்து ஊற்றினாள். உச்சி வெயில் படாமல் வைத்தாள். வேர் மேலாகவே ஓடும் என்பதால் மண்ணைக் கிளறாமல் சருகு பரப்பினாள். எல்லாம் ஓரகத்தியைப் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான். ஒன்றில் மட்டும் அவளையும் மிஞ்சினாள். குளிர் தொடங்கியதும் கத்தரிக்கோலை எடுத்து, துருத்தும் நுனிகளையெல்லாம் நறுக்கிச் செடியைப் பந்து போலாக்கிவிடுவாள். இந்த மாடிச் செடியோ தலைவாராத பிள்ளை மாதிரி நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

கத்தரிக்கோல் இன்றும் கையில் இருந்தது. சும்மா கொஞ்சம் ஒழுங்குபடுத்தத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டால் ஒரு வருஷமாவது இது மொட்டையாக நிற்கும்.

முதல் நுனியை நறுக்கினாள். உள்ளங்கையில் விழுந்தது குண்டாக இருந்தது. நகத்தால் பிளந்தாள். உள்ளே, கொசுவம் வைத்து மடித்த துணி போல, இளஞ்சிவப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு வருஷமாகத் தன் பூவையெல்லாம் தானே நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறாள். அந்தக் குப்பையை முறத்தில் அள்ளிக் கொடுத்தது யார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செல்போன் அடித்தது. ஓரகத்திதான்.

"அக்கா, செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"நுனியில குண்டா இருக்கே, அது மொட்டுதானே?"

தையல்காரி பிளந்த மொட்டை மடியில் வைத்தாள்.

"போன வருஷம் நான் வெட்டும்போது பக்கத்துலயே நின்னே. 'பந்து மாதிரி இருக்குக்கா'ன்னு சொன்னே."

"ஆமாக்கா."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"எல்லாரும் உங்களைத் தேடித்தானே வர்றாங்க. என் வீட்டுப் பக்கம் தலையைத் தூக்கிப் பாக்குறது இந்தப் பூவுக்காக மட்டும்தான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எண்ணிட்டுத்தான் கிளம்பினேன். நாப்பத்தியொண்ணு. அப்படியே இருக்காக்கா?"

தையல்காரி செடியைப் பார்த்தாள்.

"நாப்பது இருக்கு" என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை. தையல்காரியின் விரல்கள் இன்னும் கத்தரிக்கோலின் வளையத்துக்குள்ளேயே இருந்தன. மடியில் கிடந்த மொட்டின் மடிப்பு ஒன்று மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.