வாசலில் மடிப்பு பார்ப்பவன்

நான் ஒரு புரதம். ஓர் உயிரணுவின் வாசலில் வேலை பார்க்கிறேன். வருகிற புரதங்கள் சரியாக மடிந்திருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். மடிப்பு பிசகியிருந்தால் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். சரியாகாவிட்டால் முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு உள்ளவர்களைச் சவரிராயன் அரவை அறைக்குக் கொண்டுபோவான்.

இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பதால் எல்லோரும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள். நானும் எல்லோரையும் சந்தேகப்படுகிறேன்.

அன்று தைலம்மை வந்தார். இடது கை தவறான பக்கம் மடிந்திருந்தது.

"யாரையாவது கெட்டியா பிடிச்சுக்கணும்னு தோணுதாம்மா?"

இது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அப்படித் தோன்றியவர்கள் தாழ்வாரத்தின் கோடியில் ஒருவரையொருவர் பிடித்தபடி ஒரே கட்டியாக நிற்கிறார்கள். கட்டி வளர வளரத் தாழ்வாரம் குறுகுகிறது. வெளியே அதை நோய் என்கிறார்கள்.

"தோணாம இருக்குமா தம்பி? ஒருத்தரும் பக்கத்துல வரமாட்டேங்கிறாங்க."

சந்தேகத்துக்குரிய பதில். பசையை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் பிடித்திருந்தால் சிலர் சரியாகிவிடுவார்கள். ஆண்டவர் அதற்கு இடம் விட்டிருக்கிறார்.

சவரிராயன் தள்ளுவண்டியோடு வந்தான்.

"என்னண்ணே, இன்னும் ஒட்டலையா?"

"இரு. நிமிருது."

"எனக்கென்னமோ அடுத்த கட்டி உங்ககிட்டதான் ஆரம்பிக்குதுன்னு தோணுது."

என்னைச் சுற்றி வந்தான். பின்னால் நின்றான்.

"அண்ணே, உங்க முதுகுல சீட்டு."

"யாரு ஒட்டினது?"

"உங்க பசைதான். இவ்வளவு கோணலா வேற யாரு ஒட்டுவா?"

இந்த வேலையில் அப்படி நேர்வதுண்டு. ஒட்டி ஒட்டிப் பழகிய கை தன் முதுகுக்கும் போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் அரவைக்குப் போனார்.

"ஏறுங்கண்ணே. அந்தம்மா கையை விடுங்க."

விட்டால் அவர் பழையபடி மடிந்துவிடுவார். நான் விடவில்லை.

தைலம்மையின் கை நிமிர்ந்தது. மெதுவாக உருவிக்கொண்டு அதை என் முதுகுப் பக்கம் கொண்டுபோனார். சீட்டு உரியும் சத்தம் கேட்டது. அதை வாயில் போட்டு மென்றார்.

"எந்தச் சீட்டு?" என்று கேட்டார்.

சவரிராயன் அவர் வாயையே பார்த்தான். வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தான்.

"அண்ணே, என் மடிப்பையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

கையை நீட்டினான். அதில் ஒரு பிசகும் இல்லை. எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பிடித்துக்கொண்டேன்.