பேட்டரி தீர்ந்த இடம்

பிராங்க்ஸில் டெஸ்மண்டின் சலூனில் ஒரு சட்டம் உண்டு. கழுத்தில் துணி கட்டியிருப்பவர்தான் முதலில் பேசலாம். அவர் முடித்த பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ராப்பர்களைப் பற்றிய சண்டை அடிதடியில் முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை துணி கட்டி உட்கார்ந்திருந்தவர் பாப்போ. ஒரு காலத்தில் தெருவில் அட்டை விரித்துத் தலைகீழாகச் சுழன்று ஆடியவர். இப்போது முட்டி வலிக்காரர்.

"ஒரே ஒரு கேசட். அதுக்கு செவுத்துல பேரா? பிரின்ஸ் ஆல்டஸ் எட்டு ஆல்பம் போட்டிருக்கான்யா."

"எட்டுலயும் ஒரே பாட்டுதான்," என்றார் டெஸ்மண்ட், மெஷினை பாப்போவின் காதோரம் ஓட்டிக்கொண்டே.

பூங்காவில் பந்தடிக்கும் சுவரில் இந்தப் பகுதியின் ஹிப் ஹாப் கலைஞர்கள் ஐந்து பேருடைய பெயரை எழுதப் போகிறார்கள். யாருடைய பெயர்கள் என்பதைத் தெருக்காரர்களே முடிவு செய்ய வேண்டும். ஆறு வாரம் சண்டை போட்டு நான்கு பெயர் தேறியிருந்தது. ஐந்தாவதுக்கான ஓட்டுச் சீட்டுகள் கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் கிடந்தன. இன்று இரண்டு மணிக்குப் பிறகு சீட்டுப் போட முடியாது. திங்கட்கிழமை ஓவியர் வந்துவிடுவார்.

ஐந்தாவது பெயர் தன் அண்ணன் வெண்டலுடையதாக இருக்க வேண்டும். டெஸ்மண்டுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. வெண்டல் பத்தொன்பது வயதில், 1980 அக்டோபரில், ஆஸ்துமாவில் இறந்தான். அவன் பேசியதற்கு, பாடியதற்கு, உலகத்தில் இருந்ததற்கே மிச்சமிருந்த சான்று ஒரு பதினொரு நிமிட கேசட். ஜூலை மாதம் பூங்காவில், டிஜே கிரானைட் ரெக்கார்ட் சுற்ற, மைக்கில் ஒரு குரல். கனத்த குரல், அவசரமே இல்லாத குரல். அதைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்து, வாடகைக் கார்களில் போட்டுக் கேட்டு, பிராங்க்ஸில் அதை அறியாத காது இல்லை.

"ஆஸ்துமாக்காரன்யா உங்க அண்ணன்," என்றார் பாப்போ. "மூச்சுப் பம்பு இல்லாம பஸ் ஏற மாட்டான்னு நீயே சொல்லியிருக்க. ஒரே மூச்சுல பதினாறு வரி எப்படிய்யா?"

"அதுக்குத்தான் செவுத்துல பேரு."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண்ணுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ரோஷெல் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருடமாக அங்கே வேலை பார்ப்பவர். வெண்டலைத் தெரிந்தவர். அந்த கேசட்டைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அதை ஒரு மரியாதை என்றே டெஸ்மண்ட் நினைத்திருந்தார்.

கதவு திறந்தது. கிரானைட்டின் மகள் ஷனீஸ் ஒரு காலணி அட்டைப்பெட்டியோடு நின்றாள். கிரானைட் மார்ச் மாதம் காலமானார். அவர் சாமான்களை அவள் ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ் அங்கிள், இது உங்க வீட்டுது போல."

உள்ளே ஒரு கேசட். அட்டையில் நீல மையில், இடது பக்கம் சாய்ந்த எழுத்து: வெண்டலுடையது. கேட்டுட்டுத் திருப்பிக் கொடு. ஜூலை 19, பூங்கா.

டெஸ்மண்ட் மெஷினை நிறுத்தினார். அண்ணனின் கையெழுத்தை அவர் நாற்பத்தைந்து வருடமாகப் பார்த்ததில்லை.

"அசல்," என்றார். "பாப்போ, இது அசல். எல்லாரும் கேட்டது தேஞ்சு போன பிரதி. இப்ப கேளு. கேட்டுட்டு ஆல்டஸ் பேர எடு பாக்கலாம்."

"போடுய்யா. துணி கட்டிட்டேன், எங்க ஓடப் போறேன்."

ரோஷெல் வாசலைப் பார்த்தார். கையில் பாதி பின்னிய தலை. விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பிரதியின் தொடக்கத்தில் தூரத்தில் ஒரு மணியோசை கேட்கும். கத்தோலிக்கக் கோயில் மணியா, லூத்தரன் கோயில் மணியா என்று இந்தச் சலூனில் இரண்டு கட்சி இருந்தது. டெஸ்மண்ட் சலூன் டேப் ரெக்கார்டரில் கேசட்டைச் செருகி, பட்டனை அழுத்தி, அந்த மணிக்காகக் காத்திருந்தார்.

மணி வரவில்லை. அதன் இடத்தில் துள்ளிக்கொண்டு ஒரு சின்ன மெட்டு வந்தது. ஐஸ்க்ரீம் வண்டி மெட்டு. இப்போதும் தினமும் நாலு மணிக்கு அந்தத் தெருவில் வரும் அதே மெட்டு.

பிறகு குரல் வந்தது.

"லிஃப்ட் நின்னு போச்சு, படியெல்லாம் பாட்டாச்சு,
பதினாறு மாடி ஏறியும் பாதி மூச்சு மிச்சமாச்சு…"

அதே வரிகள். ஒவ்வொரு சொல்லும் அங்கே இருந்த எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் குரல் ஒரு சிறுமியுடையது. கூர்மையான, வேகமான, யாருக்கும் பயப்படாத ஒரு சிறுமி.

பாப்போ ஒரு பக்கம் மட்டும் மழித்த தலையோடு ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்.

"டேப் மெஷின் வேகமா ஓடுது," என்றார் டெஸ்மண்ட். "மோட்டார் கெட்டுப்போச்சு."

அவரே கேசட்டை வெளியே எடுத்தார். இழுப்பறையிலிருந்து தன் பழைய பிரதியைப் போட்டார். கோயில் மணி. கனத்த குரல். எப்போதும் போல. அதை எடுத்துவிட்டு மறுபடியும் அசலைப் போட்டார். ஐஸ்க்ரீம் வண்டி. சிறுமி.

மெஷினில் கோளாறு இல்லை.

"டெஸ்," என்றார் பாப்போ மெதுவாக. "அது பொண்ணுய்யா."

"கிரானைட் ரெக்கார்ட மெதுவா ஓட்டுவாரு. அது அவரோட பாணி. ஊருக்கே தெரியும். ஏதோ அதுலதான்…"

"அப்பாகிட்ட அப்ப வேகம் மாத்துற பிளேயரே கெடையாது அங்கிள்," என்றாள் ஷனீஸ். "இருந்தது பள்ளிக்கூடத்துலேர்ந்து கடன் வாங்கினது. ஏன் எல்லாரும் அவர் மெதுவா ஓட்டினாருன்னு சொல்றாங்கன்னு கடைசி வரைக்கும் அவருக்கே புரியல. பேரு வந்துச்சேன்னு சும்மா இருந்துட்டாரு."

டெஸ்மண்ட் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக ஓட்டியது கிரானைட் இல்லை என்றால் யார்?

அவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறைக்குத் தெற்கே கரோலினாவில் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தபோது பூங்கா விழா முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வெண்டலின் டேப் ரெக்கார்டருக்குள் இந்த கேசட் இருந்தது. தம்பி தொடக்கூடாது என்று வெண்டல் வேலைக்குப் போகும்போது கரண்ட் ஒயரைக் கையோடு எடுத்துக்கொண்டு போவான். டெஸ்மண்ட் விடவில்லை. குப்பையில் போட்டிருந்த எட்டுப் பேட்டரிக் கட்டைகளைப் பொறுக்கினான். ஜன்னலுக்கு வெளியே இரும்புப் படியில் வெயிலில் காயவைத்தான். பக்கத்து வீட்டு டெக்கில் ஒயர் மாட்டி, அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பிரதி எடுத்தான்.

பேட்டரி பாதி செத்திருந்தது. அசல் மெதுவாகச் சுற்றியது. மெதுவாகச் சுற்றிய குரல் தடித்துப் பதிவானது, ஐஸ்க்ரீம் வண்டி மெட்டு கோயில் மணியாக இழுபட்டது. மைக்கில் பேசினால் அண்ணன் குரல் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் குரல் இழுத்து இழுத்து நின்றே போனது. அந்த முடிவைப் பிறகு எத்தனை டிஜேக்கள் காப்பியடித்தார்கள். கிரானைட் ரெக்கார்டைக் கையால் அமுக்கி நிறுத்திய அழகு என்று கட்டுரைகூட வந்தது.

அந்த வாரமே வெண்டல் அசலைக் கிரானைட்டுக்குக் கேட்கக் கொடுத்தான். அக்டோபரில் போய்விட்டான். அந்தக் குளிர்காலத்தில் தெருவில் பாதி வீடுகள் எரிந்தன. அன்று பூங்காவில் நின்று கேட்டவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். டெஸ்மண்ட் தன் பிரதியை வாடகைக் கார்க்காரர்களிடம் கொடுத்தான். இது எங்க அண்ணன் என்று சொல்லிக் கொடுத்தான். பிராங்க்ஸில் இருக்கும் ஒவ்வொரு பிரதியும் அதிலிருந்து வந்தது.

கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிரதியில் குரல் இழுத்து நிற்கும் இடம் வந்தது. இங்கே அது நிற்கவில்லை. சிறுமி கடைசி வரியைச் சொல்லி முடித்தாள். கைதட்டல். யாரோ மைக்கை வாங்கும் சத்தம். பிறகு ஒரு இளைஞனின் குரல், மெல்லியதாக, மூக்கடைத்த மாதிரி.

"யாரு இந்தப் பொண்ணுன்னு பின்னாடி கேக்குறாங்க. ரோஷெல். பதினாறாவது மாடி ரோஷெல். வயசு பதினாலு. எழுதினதும் அவதான், நான் ஒரு வரி தொடல. இவளுக்கு அப்புறம் மைக்க வாங்க எனக்கே வெக்கமா இருக்கு. பேர மறந்துடாதீங்கய்யா."

டேப் முடிந்து டக்கென்று நின்றது.

"யாரு இது, கடைசில பேசினது?" என்றார் டெஸ்மண்ட்.

எல்லோரும் மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஷெலின் விரல்கள் பின்னலின் நடுவில் அப்படியே நின்றிருந்தன.

"வெண்டல்," என்றார் ரோஷெல். "அது வெண்டல், டெஸ். உனக்குத் தெரியலயா?"

தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அண்ணன் என்று நினைக்கும்போது அவர் காதில் வரும் குரல் அந்தக் கனத்த குரல். கனவில் வெண்டல் பேசியதும் அந்தக் குரலில்தான். இந்த மூக்கடைத்த இளைஞன் யாரோ வழிப்போக்கன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். காலி நாற்காலி எதுவும் இல்லாததால் வெட்டிய முடி கிடந்த தரையில் உட்கார்ந்தார்.

"ரோஷெல், இருபது வருஷமா இங்க இருக்க," என்றார் பாப்போ. "ஒரு வார்த்த சொல்லலியே."

"என்னன்னு சொல்றது? எனக்கே தெரியாதே." ரோஷெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பதினேழு வயசுல ஒரு கார்ல ஏறினேன். டிரைவர் இதப் போட்டான். என் வரி. என் லிஃப்ட். ஆம்பளக் குரல். யாருன்னு கேட்டேன். வெண்டல், செத்துப்போயிட்டான்னான். என் பாட்ட எடுத்துத் தன் பாட்டுன்னு பதிஞ்சு வெச்சுட்டுச் செத்துட்டான்னு நெனச்சேன்."

அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அடி வாங்கலாம், தோற்கலாம், மேடையில் வரி மறந்து நிற்கலாம். அடுத்தவர் வரியை எடுத்துப் பாடியவனுக்கு மட்டும் யாரும் மறுபடி மைக் தரமாட்டார்கள்.

"நான் சொன்னேன், தெரியுமா? மூணு நாலு பேருகிட்ட சொன்னேன். சிரிச்சாங்க. 'இது ஆம்பளடி, காது செவிடா'ன்னாங்க. அதுக்கப்புறம் எழுதறத விட்டேன். இங்க வேலைக்கு வந்தப்ப உங்கிட்ட கேக்கணும்னுதான் வந்தேன், டெஸ். உங்க வீடு மூணு மாடி, அங்க ஏது லிஃப்ட்டுன்னு ஒரு வார்த்த. உன் மூஞ்சியப் பாத்தா வரல." அவர் கேசட் அட்டையைப் பார்த்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா அவனத் திருடன்னு நெனச்சுட்டிருந்தேன், டெஸ். அவன் என் பேரச் சொல்லியிருக்கான். வயசு மொதக்கொண்டு சொல்லியிருக்கான்."

"நான்தான்," என்றார் டெஸ்மண்ட் தரையிலிருந்து. "பேட்டரி. வெயில்ல காயவெச்ச பேட்டரி. அவன் ஒயர எடுத்துட்டுப் போயிட்டான்னு நான்…"

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ரோஷெல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் டெஸ்மண்டைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. திடீரென்று லிஃப்ட் நின்றுபோனவர்கள் முகத்தில் இருக்குமே, அப்படி ஒரு முகம்.

இரண்டு மணி ஆக ஏழு நிமிடம் இருந்தது.

டெஸ்மண்ட் எழுந்தார். பவுடர் டப்பாவைத் திறந்து கண்ணாடி மேடையில் கொட்டினார். சீட்டுகளைப் பிரிக்கப் பிரிக்க வெண்டல், வெண்டல், வெண்டல். ஆல்டஸுக்கு ஒன்பது. ஆறு வாரம் வாடிக்கையாளர் ஒவ்வொருவர் காதிலும் ஓதியது வீண் போகவில்லை. அண்ணன் ஜெயித்திருந்தான்.

"துணி என் கழுத்துலதான் இருக்கு," என்றார் பாப்போ. "அதனால நான் சொல்றேன். இது எதுவும் வெண்டலுக்குப் போட்ட சீட்டு இல்ல. அந்தப் பாட்டுக்குப் போட்டது."

டெஸ்மண்ட் தலையாட்டினார். பாப்போவின் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்து உதறினார். முடி பறந்தது. மூன்றாவது நாற்காலிக்குப் போய், நின்றுகொண்டிருந்த ரோஷெலின் கழுத்தில் அதைக் கட்டினார். முடிச்சு சரியாக விழ இரண்டு தடவை ஆனது.

"நீ சொல்லு."

ரோஷெல் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். சட்டப்படி எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என் பேரு போடுங்க," என்றார். "வேணாம்னு சொல்லணும்னு தோணுது. ஆனா போடுங்க. அவன் மறக்காதீங்கன்னு சொல்லியிருக்கான்."

"முழுப் பேரா?"

"அவன் சொன்ன மாதிரி. பதினாறாவது மாடி ரோஷெல்."

டெஸ்மண்ட் ஒரு சீட்டை எடுத்து எழுதினார். மற்றதையெல்லாம் டப்பாவில் போட்டு மூடினார். ஆல்டஸ் போச்சே என்று பாப்போ முனகினார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. அரைத்தலையோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடைசித் துண்ட இன்னொரு தடவ போடு," என்றார் ரோஷெல்.

டெஸ்மண்ட் பின்னால் ஓட்டிப் போட்டார். யாரு இந்தப் பொண்ணுன்னு பின்னாடி கேக்குறாங்க. காதை ஸ்பீக்கரில் ஒட்டவைத்துக் கேட்டார். யாரோ ஒரு இளைஞன். மறுபடி போட்டார். அதே இளைஞன். கண்ணை மூடி, அண்ணனின் சட்டையை, ஒல்லியான மணிக்கட்டை நினைத்துக்கொண்டு மூன்றாவது முறை போட்டார்.

இந்த முறை நிறுத்தவில்லை, டேப்பைக் கடைசி வரை ஓடவிட்டார். மறந்துடாதீங்கய்யா என்பதற்கும் டக்கென்ற சத்தத்துக்கும் நடுவே, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரோ இருமினார்கள். இரண்டு சிறு இருமல், பிறகு ஒரு நீண்ட விசில் போன்ற இழுப்பு.

அந்த இழுப்பு அவருக்குத் தெரிந்த இழுப்பு.