க்ளேரின் நாற்காலி

திங்கட்கிழமை காலை லத்தீபாவின் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி மட்டுமா? தலையில் லத்தீபாவின் ஹெட்போன். திரையில் லத்தீபாவின் பெயர். அதாவது, க்ளேர்.

காஸாபிளாங்காவின் அந்தக் கால் சென்டரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பெயரை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தால் முஸ்தபா மார்க் ஆவான், ஃபாத்திஹா எமிலி ஆவாள். பிரான்சில் சோபா வாங்கி, அதன் கால் உடைந்து, கொதித்துப்போய் ஃபோன் செய்கிறவனுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். பதினாறு வருஷமாக லத்தீபாதான் க்ளேர்.

"நீ யாரும்மா?"

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "ஹிபா. இன்னிக்குத்தான் சேர்ந்தேன், லல்லா. யாசீன் சார் இங்க உக்காரச் சொன்னாரு." லல்லா என்றால் அந்த ஊரில் அம்மணி மாதிரி.

கண்ணாடி அறையிலிருந்து யாசீன் கையசைத்தான். புது மேனேஜர். முப்பது வயது, கணுக்கால் தெரிகிற பேன்ட்.

"வாங்க ஹாஜ்ஜா, வாங்க!"

"நான் இன்னும் மக்காவுக்குப் போகல யாசீன். டிக்கெட் எடுத்துக் குடு, அப்புறம் ஹாஜ்ஜான்னு கூப்பிடு."

"மரியாதைதானே!" என்று சிரித்தான்.

மரியாதையாம். கிழவிக்கு ஓரத்தில் பாய் விரித்துப் போடுகிற மரியாதை.

"இனிமே கிளையன்ட்டோட வீடியோவுலதான் பேச்சு. முகம் தெரியும். கொஞ்சம் இளமையா இருந்தா நல்லாருக்கும்னு மேலிடத்துல சொல்றாங்க. அதனால க்ளேரை ஹிபாவுக்குக் குடுத்துட்டோம்."

"என் பேரையா?"

"உங்க பேரு லத்தீபா. க்ளேர் கம்பெனியோட பேரு." குரலில் தேன் வடிந்தது. "இந்த மாசத்தோட உங்க கான்ட்ராக்ட் முடியுது. அதுவரைக்கும் அவளுக்குச் சொல்லிக் குடுங்க. அம்பத்தோரு வயசாச்சு, இனிமே பேரப்பிள்ளைங்களைக் கொஞ்சிக்கிட்டு இருங்க."

"என் பொண்ணு இப்பத்தான் காலேஜுல காலெடுத்து வச்சிருக்கா. பேரப்பிள்ளைய எங்க போய்க் கடன் வாங்க?"

அவன் செல்ஃபோனைப் பார்த்தான். விவாகரத்துக்குப் பிறகு வாடகை, மகளின் படிப்பு, அடுப்பில் ஏறுகிற பானை எல்லாமே அந்த நாற்காலியை நம்பித்தான். அதையே உருவிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை போட்டிக் கம்பெனி ஒன்றுக்கு ஃபோன் செய்தாள். ஐந்தே நிமிஷம். "உங்க குரலுக்கே வேலை குடுக்கலாம், மத்மஸேல்! நாளைக்கே வாங்க!" மத்மஸேல் என்றால் கல்யாணமாகாத இளம்பெண். புதன்கிழமை நேரில் போனாள். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, கால்த்தி? அந்தப் பக்கம் உக்காருங்க சித்தி, ஷிப்ட் முடிய நேரமாகும்" என்றாள். உள்ளே இருந்தவன் லத்தீபாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்த இடம் நிரம்பிவிட்டதைக் கண்டுபிடித்தான். திரும்பி வரும் டிராமில் பல்லைக் கடித்துக் கடித்து அவளுக்குத் தாடையே வலித்தது.

வியாழக்கிழமை யாசீன் ஓடி வந்தான். நெற்றியில் வேர்வை.

அந்த சோபாக்களை விற்கிற பிரெஞ்சு பர்னிச்சர் கம்பெனியின் மதாம் வாஸர் வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள். பன்னிரண்டு வருஷமாகக் க்ளேரின் குரலை மட்டும் கேட்டவள், இந்த முறை முகத்தையும் பார்க்க வேண்டும் என்றிருந்தாள். முந்தின நாள் ஹிபா க்ளேராக ஃபோனில் அவளிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். "என்ன க்ளேர், தொண்டை கட்டிடுச்சா?" என்று கேட்டாளாம் மதாம்.

"ஹாஜ்ஜா, ஒரு சின்ன உதவி. ஹிபா கேமரா முன்னாடி உக்காருவா. நீங்க மேஜைக்குக் கீழ... இல்ல இல்ல, பக்கத்துல, கேமராவுல தெரியாம ஸ்டூல்ல உக்காந்து பேசுங்க. அவ உதட்டை மட்டும் அசைப்பா. படம் கொஞ்சம் மெதுவா வருதுன்னு சொல்லிக்கலாம்."

"என் குரலு வேணும், மூஞ்சி வேண்டாம்?"

"கம்பெனிக்காக!"

"என் கான்ட்ராக்டு?"

"அப்புறம் பேசலாம், இன்ஷா அல்லாஹ்."

அந்த ஊரில் மேனேஜர் சொல்லும் இன்ஷா அல்லாஹ்வுக்கு என்ன அர்த்தம் என்று பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

லத்தீபா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

திரையில் மதாம் வாஸர் வந்தாள். நரைத்த கிராப்பு, மூக்கின் நுனியில் கண்ணாடி. "க்ளேர்! கடைசியில பாத்துட்டேனே!"

"வணக்கம் மதாம்," என்றாள் லத்தீபா. ஹிபாவின் உதடு அசைந்தது.

"அடேயப்பா, எவ்வளவு சின்னப் பொண்ணு! பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல இருந்து பேசினியா?"

கேமராவுக்குப் பின்னால் நின்ற யாசீன், சிரி சிரி என்று ஜாடை காட்டினான். ஹிபா சிரித்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு லத்தீபா பக்கம் திரும்பி, "என்னால முடியல லல்லா" என்றாள்.

அவ்வளவுதான். லத்தீபாவுக்குள் நான்கு நாளாகப் புகைந்தது பற்றிக்கொண்டது. ஸ்டூலை இழுத்துக் கேமரா முன்னால் போட்டாள்.

"மதாம், நான்தான் பேசறேன். என் பேரு லத்தீபா. வயசு அம்பத்தொண்ணு. பன்னெண்டு வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்கினதும் நான்தான், உங்க வீட்டுக்காரர் இறந்தப்ப உங்களோட அழுததும் நான்தான். வயசாச்சுன்னு இந்த மாசத்தோட என்னை வெளிய அனுப்பறாங்க. குரலை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போகணுமாம்!"

யாசீன் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

மதாம் கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கு அறுபது," என்றாள். "ஜூன்ல என்னையும் அனுப்பறாங்க. என் நாற்காலிக்கு ஒரு பையன் வந்தாச்சு. ஆனா இந்த வருஷத்துக் கையெழுத்து இன்னும் என்னோடதுதான். மிஸ்டர் மேனேஜர், அங்கதான் இருக்கீங்களா? எங்க கணக்கை இவங்கதான் பாக்கணும், சொந்தப் பேருல, சொந்த முகத்தோட. அதை ஒப்பந்தத்துல எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

திரை அணைந்தது.

ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் கையெழுத்துப் போட அந்தப் பக்கம் மதாம் இருக்க மாட்டாள், ஐம்பத்திரண்டு வயதோடு இவள்தான் நிற்க வேண்டும். அது தெரிந்ததால் லத்தீபாவின் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை.

யாசீன் பலமாகக் கை தட்டினான். "பிரமாதம் ஹாஜ்... லல்லா லத்தீபா! நாமெல்லாம் ஒரே குடும்பம்!"

"குடும்பமா? முதல்ல என் நாற்காலி."

ஹிபா பதறி எழுந்தாள். லத்தீபா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ ஏன் எழுந்திருக்கிற? நீ உக்காரு." கண்ணாடி அறைக்குள் இருந்த உயரமான தோல் நாற்காலியைக் கையால் காட்டினாள். "அதை உருட்டிக்கிட்டு வா, யாசீன். நான் நிக்கிறேன், பரவாயில்ல."

கூடத்தில் அத்தனை மார்க்கும் எமிலியும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள்.

யாசீன் போனான். நாற்காலியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.